மாளிகாவத்தை உம்மாவுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. வாசித்து மடித்து வைத்துவிட்டேன். பிறகு மனம் கேளாமல் மத்தியானம் எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். கண்டியில் குளிர் கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கம்பளியைப் போர்த்துக்கொண்டு படு. இந்த நேரத்தில் தடிமன் பிடித்தால் மணவறையில் தும்மிக்கொண்டுதான் தாலி கட்டுவாய். போன வெள்ளிக்கிழமை வெள்ளவத்தைக்குப் போய் உனக்குப் பேசிய தவமணியைப் பார்த்தேன். நல்ல பிள்ளை. நான் கேளாமலே என் முதுகுக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய தாயும் தகப்பனும் மரியாதையான ஆட்கள். அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவதை அவர்கள் மேலுள்ள கோபம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. கோபம் உன்மேல்தான்.

நீ எழுதியதை உனக்கே திரும்பச் சொல்கிறேன். "மாளிகாவத்தை உம்மா வீட்டாரைக் கலியாணத்துக்கு இப்போது அழைக்க வேண்டாம் அம்மா. பெண் வீட்டார் பழைய ஆட்கள், பந்தலில் அவர்களைக் கண்டால் கதை வரும். கலியாணம் முடிந்த பிறகு நானும் தவமணியும் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம்." எவ்வளவு மரியாதையான கடிதம்! ஒரு பிழையான சொல் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பது எனக்கும் தெரியும், தம்பி. நானும் இந்தச் சனங்களோடுதான் இருந்து நரைத்தேன். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று ஒருதரம் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ குழந்தையில் அவளிடம் பால் குடித்தவன் என்பது உனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். முழுக்கதையையும் அப்பா சொல்வார் என்று நான் இருந்துவிட்டேன். அவர் சாகும்வரை சொன்னதெல்லாம் தான் உப்புப் பார்த்த கதை ஒன்றைத்தான். ஆகவே நான் சொல்கிறேன், இருந்து வாசி.

நீ பிறந்தபோது நாங்கள் பாலத்துறையில், களனி ஆற்றுக்குக் கிட்ட, பள்ளமான ஓர் ஒழுங்கைத் தெருவில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் கிளாக்கர். வாடகையும் குறைவு, ஆற்றுக்காற்றும் வரும் என்று அவர் ஆசைப்பட்டு எடுத்த வீடு அது. காற்று வந்தது. ஒருநாள் மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கடல் பக்கமிருந்து வந்த புயல், எதிர்வீட்டுக் கூரையைக் கழற்றி எங்கள் முற்றத்தில் போட்டது. பிறகு எங்கள் ஓடுகளையும் எடுத்துக்கொண்டு போனது. நான் உன்னை மடியில் அமுக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே இருந்தேன். நீ அப்போது குப்புறக் கவிழவும் பழகாத பிள்ளை. பொழுதுபட்டதும் காற்று ஓய்ந்தது, தப்பினோம் என்று நினைத்தோம். ஆனால் மலைநாட்டில் கொட்டிய மழையெல்லாம் ஆற்றோடு இறங்கி, அடுத்த நாள் எங்கள் வாசலுக்கு வந்தது. வாசலோடு நின்றதா? அடுப்பு மூழ்கியது, கட்டில் மிதந்தது. அப்பா உன்னைக் கடகத்துக்குள் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனை இளந்தாரிப் பெடியள் வந்தார்கள். கால்வாயில் சரக்கு ஏற்றுகிற தட்டைப் படகு ஒன்றை எங்கோ பிடித்து, மூங்கிலால் தள்ளிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சந்தியாகு மாஸ்டர் என்று, கழுத்தில் சிலுவை தொங்குகிற ஒரு வேதக்கார வாத்தியார். ஒல்லி மனிதர், ஆனால் தொண்டை பெரிது. அப்பா உன்னை என்னிடம் தந்துவிட்டு அலுமாரியை இழுக்கப் போனார். அது அவருக்குச் சீதனமாக வந்த தேக்கு அலுமாரி. மாஸ்டர் படகிலிருந்தபடியே சத்தம் போட்டார்: "கிளாக்கர் ஐயா, அலுமாரிக்கு நீந்தத் தெரிஞ்சால் அது பிறகு வரும். நீங்கள் மனுசியையும் பிள்ளையையும் ஏத்துங்கோ!" அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. அலுமாரியும் வரவில்லை.

எங்களைக் கொண்டுபோய் இறக்கியது கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். எங்களுக்கு முன்னரே அங்கே சனம் நிறைந்திருந்தது. ஈரத்தோடு, அழுகையோடு, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருந்தவர்கள்கூட இருந்தார்கள். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிப் படுக்கை ஆக்கியிருந்தார்கள். பெண்கள் பக்கத்துக்கு, கொட்டாஞ்சேனைப் பெண்கள் தங்கள் சேலைகளையே மறைப்பாகக் கட்டிவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று நல்ல கூறைச் சேலை. யாருடையதென்று கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை. தெமட்டகொடையிலிருந்து ரயில் வேலைக்காரர்கள் படங்குகள் கொண்டுவந்து ஒழுகுகிற இடங்களை மூடினார்கள். அவர்களில் ஒரு சிங்கள மனிதர் நான் நடுங்குவதைக் கண்டு, "நோனா, பய வென்ன எபா" என்று தன் சாக்குத் துணியை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். பயப்படாதே என்கிறார். அந்த மண்டபத்தில் யாரும் எங்களிடம் நீ என்ன ஆள், எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன வயசு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

அது முஸ்லிம் ஆட்களின் நோன்பு மாதம். பின்னேரச் சாப்பாட்டை மாளிகாவத்தைக்காரர் பொறுப்பெடுத்தார்கள், ஏனென்றால் பெரிய கிடாரங்கள் அவர்களிடம்தான் இருந்தன. நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கை. அரிசிக்கடை மீரான் நானா மாட்டு வண்டியில் கிடாரம், விறகு, அரிசி எல்லாவற்றையும் ஏற்றிவந்து மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினார். வந்தவர்களில் பாதிப் பேர் மச்சம் மாமிசம் சாப்பிடாதவர்கள் என்று மாஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்களின் கஞ்சிக்கு இறைச்சி போடுவது வழக்கம். நானா யோசிக்கவே இல்லை. "அப்ப ஒண்டுக்கும் போடவாணாம் மாஸ்டர். ரெண்டு விதமாக் காய்ச்சினா கரண்டி மாறும், பொறகு மனசு மாறும்" என்றார். அந்த மாதம் முடியும்வரை, பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழுங்காமல் எங்களுக்காக அடுப்படியில் வெந்தவர்கள், பொழுதுபட்டதும் எங்களோடு அந்த மரக்கறிக் கஞ்சியைக் குடித்துத்தான் நோன்பு திறந்தார்கள்.

இனித்தான் அப்பாவின் உப்புக் கதை. நோன்பு பிடித்தவர்கள் கஞ்சியை வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டும். அப்பா ஒரு மூலையில் குந்தியிருந்து, போன அலுமாரியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். கொடுத்த சோற்றையும் கையில் வாங்க அவருக்கு வெட்கம். மீரான் நானா இதைக் கண்டிருக்க வேண்டும். நேரே வந்து, "கிளாக்கர் ஐயா, எங்களுக்கு ஒரு பெரிய ஒதவி செய்யோணும். ஒங்கட நாக்கு வேணும்" என்றார். அன்றிலிருந்து கிடாரத்துக்குக் கிடாரம் போய் நின்று, அகப்பையில் ஊதி ஊதிக் குடித்து, "ஓம் நானா, இதுக்குக் கொஞ்சம் காணாது", "இதைத் தொடாதேங்கோ, அச்சா" என்று தீர்ப்புச் சொல்வதுதான் அப்பாவின் உத்தியோகம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்புப் பார்த்தவர் எவ்வளவு காலம் நினைக்க வேண்டும் என்று நான் பிறகு பகிடி பண்ணுவேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, நீ குடும்பஸ்தனாகப் போகிறாய். உன்னிடம் ஒருவன் உதவிக்கு வந்து நின்றால், அவனிடமும் ஏதாவது ஓர் உதவி கேள். வாங்குகிறவனுக்கு நிமிர ஓர் இடம் வேண்டும். மீரான் நானாவிடமிருந்து எங்கள் வீடு படித்தது அதைத்தான்.

எனக்கு அந்த மண்டபத்தில் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, கண்ணைத் திறக்கவிடாத காய்ச்சல். நெஞ்சில் பால் வற்றிவிட்டது. டின் பாலைத் தண்ணீரில் கரைத்துச் சங்கில் ஊற்றிப் பார்த்தார்கள். நீ கக்கினாய், வயிற்றாலும் போகத் தொடங்கிற்று. முதலில் வீரிட்டு அழுதாய். பிறகு பூனைக்குட்டிபோல் முனகினாய். பிறகு அதுவும் இல்லை. தொண்டுக்கு வந்த, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஒரு வயதான அப்போதிக்கரி உன் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் சொல்லாமல் மாஸ்டரிடம் மெல்லச் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்டது. "தாய்ப்பால் எங்கேயாவது கிடைச்சால் பிழைக்கும். இல்லாட்டில் நான் ஒண்டும் சொல்லேலாது."

மாஸ்டர் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். கைக்குழந்தை வைத்திருந்த ஒன்றிரண்டு பெண்களுக்குத் தங்கள் பிள்ளைக்கே காணாது. பிறகு அவர் வெளியே போய்க் கஞ்சி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அதே பெரிய தொண்டையில் கேட்டார். மீரான் நானாவின் மனைவி ஜெய்னம்பு, உன் மாளிகாவத்தை உம்மா, பெண்கள் பக்கத்துக்குக் கஞ்சி பகிர வருவாள். திரை போட்ட வண்டியில் வந்து, மறைப்புச் சேலைக்கு உள்ளே மட்டும் நடமாடிவிட்டுத் திரும்பிப் போவாள். அவளுக்கும் இடுப்பில் ஒரு பிள்ளை, ஹனீபா. ஆம், உன் ஹனீபாதான். அவள் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு வந்தாள். உன்னைத் தொடமுன் வெளியே புருஷனுக்கு ஆள் அனுப்பினாள். இதென்ன, பிள்ளை போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்கு உத்தரவு வேண்டியிருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீரான் நானா மறைப்புக்கு அப்பால் வந்து நின்று அப்பாவிடம் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஐயா, இந்தப் பால் குடிச்சா ஒங்கட மகன் எங்கட புள்ளதான். பொறகு இல்லண்டு செல்லேலாது. சம்மதமா?" அப்பா அழுதுகொண்டு, "ஓம் நானா, ஓம்" என்றார். அதை ஏதோ உபசாரப் பேச்சு என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

நான் தயங்கினேன், சாதி சமயம் பார்த்தேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாயிருக்கும். நான் தயங்கவில்லை. பசித்த பிள்ளையின் சத்தமும் நின்றுபோன பிறகு எந்தத் தாய்க்குத் தயங்க நேரம் இருக்கிறது? முதலில் உனக்கு உறிஞ்சவும் பெலன் இல்லை. அவள் பீச்சிப் பீச்சி உன் வாயில் விட்டாள். "குடி வாப்பா, குடி என்ட ராசா" என்று உன் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நீ விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு எந்த நாதஸ்வரத்திலும் நான் கேட்கவில்லை. பால் கொடுக்கிறவளாக இருந்தும் அவள் அதுவரை நோன்பு பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைக்கு ஊட்டுவதானால் அது முடியாது என்று மிச்ச நாட்களை விட்டாள். விட்ட ஒவ்வொரு நாளையும் வருஷத்தின் வேறு நாட்களில் தனியாகப் பிடித்துத் தீர்த்தாள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். வீடே சாப்பிடுகிற நாளில் தான்மட்டும் பட்டினி இருப்பது எப்படி என்று யோசித்துப் பார். ஒருநாளும் அவள் வாயால் இதைச் சொன்னதில்லை.

வெள்ளம் வற்றியது, எங்களுக்குக் கொட்டாஞ்சேனையிலேயே வீடு கிடைத்தது. நீ கொழுக்கட்டைபோல் உருண்டு திரண்டாய். இரண்டொரு வருஷத்தில் ஜெய்னம்புவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, நம்முடைய ஸரீனா. உன்னைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் தந்தார்கள். நான் நம் வழக்கப்படி, ஆசையாக, "வாடி என்ரை மருமகளே, உனக்கு மாப்பிள்ளை கையோடை கொண்டு வந்திருக்கிறன்" என்று கொஞ்சினேன். நம் வீடுகளில் எந்தப் பெண் குழந்தையைத்தான் அப்படிக் கொஞ்சுவதில்லை? அறையில் இருந்த பெண்களின் முகமெல்லாம் ஒருமாதிரிப் போனது. சமயம் மாறிய பேச்சு பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கும் முகம் சுருங்கிற்று. ஜெய்னம்பு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, பகிடிக்கும் அப்பிடிச் செல்லவாணாம். அவ இவன்ட கூடப்பொறந்த தங்கச்சி. இவன் என்ட பால் குடிச்சவன். எங்கட மார்க்கத்தில இந்த ரெண்டுக்கும் கலியாணம் முடிக்கேலாது, அண்ணன் தங்கச்சிக்கு ஏலாத மாதிரியே ஏலாது" என்றாள்.

அன்றுதான், தம்பி, மீரான் நானா மறைப்புக்கு அப்பால் நின்று எதற்கு உத்தரவு கேட்டார் என்று எனக்கு விளங்கியது. நான் அதை நன்றி சொல்லித் தீர்க்கிற உதவி என்று எடுத்திருந்தேன். அவர்கள் அதை உறவு என்று எடுத்திருந்தார்கள். நான் வருஷப் பிறப்புக்குப் பலகாரம் அனுப்பி, பெருநாளுக்கு வட்டிலப்பம் வாங்கி, கணக்குச் சரி என்று இருந்தேன். அவர்களுக்கு அதில் கணக்கே இல்லை, தங்கள் பிள்ளை ஒன்று கொட்டாஞ்சேனையில் வளர்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபிறகு அப்பாவிடம் சொன்னேன். அவர், "நான் ஓம் எண்டு சொன்னது சரியாப் போச்சு, என்ன?" என்றார்.

நீ அந்த வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார். ஹனீபாவின் சிநேகிதர்கள் எத்தனை பேர் வருகிறார்கள். எல்லோரும் முன் விறாந்தையோடு சரி. நடுக்கதவில் ஒரு பச்சைத் திரை தொங்குகிறது. அதைத் தாண்டி வெளி ஆண் ஒருவனும் போவதில்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு, "உம்மா, பசிக்குது" என்று நேரே குசினிக்குள் போவாய். ஸரீனா உன்னைக் கண்டு தலையை மூடியிருக்கிறாளா? எழுந்து உள்ளே ஓடியிருக்கிறாளா? உன் காதைத் திருகியிருக்கிறாள். செல்லத்துக்கு விடுகிறார்கள் என்று நீ நினைத்திருப்பாய். செல்லத்துக்கு அந்தத் திரை திறக்காது, தம்பி. நீ அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் திறக்கிறது. உனக்கு அவர்கள் தங்கள் வீட்டின் உள்ளறை வரைக்கும் இடம் தந்திருக்கிறார்கள். நீ அவர்களுக்கு ஒரு பந்தலில் இடம் இல்லை என்கிறாய்.

இதையெல்லாம் உன்னை வெட்கப்படுத்த எழுதவில்லை. எனக்கு வயது போகிறது. வெள்ளைக்காரன் போகப்போகிறான், நாடு நம் கைக்கு வரப்போகிறது என்று கடைத்தெருவெல்லாம் கதை. நாளைக்கு யார் யாருடைய ஆள் என்று ஆளாளுக்குப் பிரித்துப் பேசுவார்கள். அப்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்த மண்டபம்தான். நான் நன்றி சொல்லி முடிக்க முடியாத சனம் இந்தக் கொழும்பில் நிறைய. சந்தியாகு மாஸ்டரும் மீரான் நானாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படகு தள்ளிய பெடியளின் பெயர்கூட எனக்குத் தெரியாது. சாக்குத் துணி போர்த்திய மனிதரை இனிக் கண்டாலும் அடையாளம் தெரியாது. அவர்களுக்கெல்லாம் நான் எங்கே போய் நன்றி சொல்ல? உயிரோடு, கூப்பிடு தூரத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடியவளாக மிஞ்சியிருப்பது ஒருத்தி.

புதன்கிழமை அவள் ரிக்‌ஷாவில் வந்தாள். மூட்டு வலியோடு படியேறி வந்து உட்கார்ந்து, கலியாண விஷயமாகக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். "பொண்ணு ஊட்டாக்கள் நம்மட கைச் சாப்பாடு தின்னுவாங்களோ தெரியாது. நான் பழமும் சீனியும் கொண்டு வாரன், அதுல ஒரு தோசமும் இல்லதானே? ஐயர் பூசை செய்ற நேரம் நான் பொறத்தால நிப்பன், அது ஒங்கட காரியம். அவன் தாலி கட்டிட்டு வந்தாப் போதும், தலையில கைவெச்சி ஒரு துஆ கேட்டுட்டு நான் போயிருவன்." எல்லாவற்றையும் அவளே யோசித்து வைத்திருக்கிறாள். நம் மானத்துக்கும் சேர்த்து யோசித்திருக்கிறாள். நானாகப் போய் அழைக்காமல் இருந்துவிட்டேனே என்று கூச்சப்பட்டு, "இன்னும் ஒருத்தருக்கும் அழைப்புச் சொல்லேல்லை, அக்கா" என்றேன். அவள் சிரித்தாள். "நல்ல கதை! புள்ளட கலியாணத்துக்கு உம்மாக்கு ஆரு அழைப்பு செல்ற?"

நேற்று உன் கடிதம் வந்தது. அதை நான் அவளிடம் கொண்டுபோக மாட்டேன். இந்த வயதில் என் கால் அதற்கு நடக்காது. வருகிற சனிக்கிழமை ரயிலில் வா. மருதானையில் இறங்கினால் மாளிகாவத்தை கிட்டத்தானே. உள்ளே போய் உட்கார். அவள் போடுகிறதைச் சாப்பிடு. வரவேண்டாம் என்று சொல்வதானால், உன்னால் முடிந்தால், அங்கே வைத்து உன் வாயாலேயே சொல்லு.

முடியாவிட்டால் ஒன்று செய். நான் தாலியறுத்தவள், வழக்கப்படி எனக்குப் பந்தலில் பின்வரிசைதான். அதில் எனக்குக் கவலை இல்லை. என் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை போடச் சொல்லு, அது போதும். நாங்கள் இருவரும் அங்கே இருந்து உன்னைக் கண் நிறையப் பார்த்துக்கொள்வோம். பின்னால் இருக்கிற அந்த இரண்டு கிழவிகளும் யார் என்று பெண் வீட்டில் யாராவது கேட்டால், நீ பயப்படாதே தம்பி, நிமிர்ந்து நின்று, மாப்பிள்ளையின் தாய்மார் என்று சொல்லு.

அம்மா